போனை அவளிடமே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை செய்கிறேன். வயது 27. தங்கைக்கு 20 வயது, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளோடு இரண்டு வருடம் பழகிய ஒருவன், அவள் விலகிய பிறகு மிரட்ட ஆரம்பித்திருக்கிறான். முன்பு அவளே அனுப்பிய சில அந்தரங்கப் படங்கள் அவனிடம் இருக்கின்றன. அவள் பெயரில் இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்குத் தொடங்கி, அவள் முகத்தையும் போன் நம்பரையும் போட்டுவிட்டான். இரவெல்லாம் கண்டவர்கள் அழைக்கிறார்கள். பயந்துபோய் இரண்டு தவணையாக 8,000 ரூபாயை கூகுள் பேயில் அனுப்பியிருக்கிறாள். இப்போது 50,000 கேட்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தை என் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, 'அடுத்தது உன் அப்பாவுக்கு' என்று எழுதினான். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆத்திரத்தில் தங்கையை அடித்துவிட்டேன். போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். கல்லூரிக்கு அனுப்பவில்லை. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அப்பா இதய நோயாளி, அவருக்குச் சொல்லவில்லை. அவன் வேறு சாதி. நண்பர்களோடு போய் அவனை நாலு தட்டுத் தட்டி, போனைப் பிடுங்கி உடைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மாமன் மகனுக்குப் பேசி உடனே முடித்துவிடலாம் என்கிறார் அம்மா. போலீசுக்குப் போனால் மானம் போய்விடும். அந்தப் படத்தை கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு நண்பருக்கு அனுப்பி விசாரித்தேன். அவளே அனுப்பிய படம் என்பதால் கேஸ் நிற்காது என்கிறார். என்ன செய்வது மேடம்?

— திருப்பூரிலிருந்து ஓர் அண்ணன்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கோபம் அதில் இருக்கிறது. அம்மாவின் அழுகை இருக்கிறது, அப்பாவின் உடம்பு இருக்கிறது, குடும்ப மானம் இருக்கிறது. தங்கை என்ன சொன்னாள் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, யாரிடமாவது வாய் திறந்து பேசினாளா? கேஸ் நிற்குமா நிற்காதா என்பதைப் பிறகு சொல்கிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்பதிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும்.

அவன் இத்தனை நாளும் எதைச் சொல்லி அவளை மிரட்டினான் என்று யோசித்துப் பாருங்கள். 'உன் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் தெரியுமா?' இதைத் தவிர அவன் கையில் வேறு ஆயுதம் இல்லை. அதற்குப் பயந்துதான் 8,000 ரூபாய் போனது. அதற்குப் பயந்துதான் உங்களிடம் அவள் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தெரிந்தது. அடி விழுந்தது, போன் போனது, படிப்பு நின்றது, கல்யாணப் பேச்சு வந்தது. அவன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அவனுடைய மிரட்டலை உண்மையாக்கிக் கொடுத்தவர் நீங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். உங்களுக்கு அவள் மேல் பாசம் இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். அந்தப் பாசத்தை நம்பித்தான் இப்படி எழுதுகிறேன்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். தந்தை புகார் கொடுத்தார். நடவடிக்கை தாமதமானது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அவள் எழுதிவைத்த கடிதத்தில் இருந்த ஒன்று இன்னமும் என் மனத்தை அறுக்கிறது: தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, பெற்றோரே தன்னை நம்பவில்லை என்று எழுதியிருந்தாள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இழந்ததற்கு ஈடு கிடையாது. இப்படி மாட்டிக்கொண்ட பெண்ணின் கண் முதலில் வீட்டாரின் முகத்தைத்தான் தேடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று. தங்கையின் பக்கத்தில் உட்காருங்கள். 'அடித்தது என் தப்பு. நீ தப்பு செய்யவில்லை, உன்னை மிரட்டுகிறவன்தான் செய்கிறான். இனி அவனிடம் நீ தனியாகப் பேச வேண்டியதில்லை' என்று சொல்லுங்கள். உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள், ஆனால் 'இருந்தாலும் நீ அனுப்பியிருக்கக் கூடாது' என்ற வால் அதில் இருக்கக் கூடாது. அந்த வால் இருந்தால் முன்னால் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறாது. அவள் அழலாம், எரிந்து விழலாம், பேசாமலே இருக்கலாம். எதுவானாலும் பக்கத்தில் இருங்கள். பிறகு போனை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

போனை வாங்கி வைப்பது பாதுகாப்பு என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு நர்சிங் மாணவியின் போனை அவள் வீட்டில் இப்படித்தான் பூட்டி வைத்தார்கள். படம் எங்கே போகிறது, யார் பார்த்தார்கள் என்று எதுவும் தெரியாமல் அந்தப் பெண் துடித்துப்போனாள். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், தன் பெயரைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தாள். போன் இல்லாததால் தோழிகளிடமும் சொல்ல வழியில்லை. மிரட்டியவனுக்கோ எல்லா வழியும் திறந்திருந்தது. இன்னொன்று, அந்தப் போன்தான் வழக்கின் முக்கியச் சான்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளைத் தனியாக விட வேண்டாம், காவலும் வைக்க வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே புரியும். தூக்கமே இல்லாமல் போனாலோ, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்பது போலப் பேசினாலோ, அதைக் கோபப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு வாசல்தான் திறக்கும். ஆம் என்றால் அன்று இரவு யாராவது அவளுடனேயே இருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

இனி அவனைத் தட்டும் விஷயத்துக்கு வருகிறேன். கோவையிலும் திருப்பூரிலும் 18 வருடமாக வழக்கு நடத்துகிறேன். அண்ணன் தம்பிகளும் நண்பர்களும் போய் அடித்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அவன் அரசு மருத்துவமனையில் போய்ப் படுத்துக்கொள்வான். உங்கள் மேல் எதிர் வழக்கு வரும். பிறகு காவல் நிலையத்தில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, 'அவன் கேஸை வாபஸ் வாங்கட்டும், நீங்களும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பேசுவார்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காக உங்கள் தங்கை தன் புகாரை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். போனை உடைப்பது அதைவிட மோசம். படங்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கின்றன என்று யார் சொன்னது? கூகுள் கணக்கில், லேப்டாப்பில், நண்பன் ஒருவனின் போனில் என்று எங்கும் இருக்கலாம். எங்கெங்கே இருக்கின்றன, யார் யாருக்குப் போயின என்று காட்டக்கூடிய ஒரே பொருள் அவன் போன். அதைப் போலீஸ் கைப்பற்றி தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் உடைத்தால் அவனுக்கு நல்லது செய்கிறீர்கள்.

சாதியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கும் இந்தக் குற்றத்துக்கும் தொடர்பில்லை. அவன் உங்கள் சாதியாகவே இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'பேர் கெட்டுவிட்டது, அவனுக்கே கட்டிவைத்துவிடலாம்' என்று பேச்சு வந்திருக்கும். மிரட்டினவனுக்கே பெண்ணைக் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பெண்கள் சிலர் விவாகரத்துக்காக என்னிடம் வந்திருக்கிறார்கள். சாதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பெண்ணுக்கு நடந்தது பின்னால் போய் இரண்டு கூட்டத்துக்கு நடுவிலான சண்டை முன்னால் வந்துவிடும். அதில் முதலில் பலியாவது அவள்தான்.

அம்மாவிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாமன் மகனுக்குக் கட்டிவைத்தால் அவன் நிறுத்திவிடுவானா? இன்று அவனால் மிரட்ட முடிவது ஒரு வீட்டை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீடு. 50,000 கேட்டவன், கழுத்தில் தாலி ஏறிய மறுநாள் ஐந்து லட்சம் கேட்பான். மாப்பிள்ளையின் போன் நம்பரைக் கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பயத்தில் நடக்கும் கல்யாணம் அவனுக்குச் சம்பள உயர்வு மாதிரி. அவளுக்கோ இன்னும் ஒரு வருடப் படிப்பும் போய், வேலையும் போய், யாருடைய தயவிலோ வாழும் நிலை வரும். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, நானும் ஒரு பெண்ணுக்குத் தாய். அந்தக் கல்யாணத்தை இப்போது பேசவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அந்த நண்பர் விஷயத்தை உடனே சரிசெய்யுங்கள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள், ஆனால் உங்கள் தங்கையின் அந்தரங்கப் படத்தை இன்னொரு ஆணின் போனுக்கு அனுப்பியவர் நீங்கள். இப்படிப்பட்ட படத்தை அனுப்புவது யார் செய்தாலும் குற்றமாகலாம். அதை அழிக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் மீடியா தானாகச் சேரும் கேலரியிலிருந்தும், கூகுள் போட்டோஸிலிருந்தும், அவற்றின் குப்பைத் தொட்டியிலிருந்தும். நடந்ததைத் தங்கையிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். இனிமேல் யாருக்கும், எனக்குக்கூட, படத்தை அனுப்ப வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறது என்று வாயால் சொன்னாலே வழக்கறிஞருக்குப் போதும்.

அவர் சொன்ன சட்டமும் தவறு. 'அவளே அனுப்பிய படம்' என்ற பேச்சுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாவது ஆளுக்குப் பரப்ப அவள் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்று அதன் விளக்கமே சொல்கிறது. முதல் முறைக்கு ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை. அவள் நம்பி அனுப்பியது ஒருவனுக்கு. உங்கள் வாட்ஸ்அப்புக்கு அவன் அனுப்பிய அந்த நொடியில், நீங்கள்தான் அந்த மூன்றாவது ஆள். உங்கள் போன் சான்றுப் பொருள். வழக்கில் நீங்கள் சாட்சி. ஆத்திரத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-இ, 67, 67-ஏ ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. பாலியல் செயலைக் காட்டும் படத்தைப் பரப்பினால் 67-ஏ பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஐந்து வருடம் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அவள் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கியதற்கு ஆள்மாறாட்டம், 66-டி. அவள் வேண்டாம் என்ற பிறகும் விடாமல் தொடர்புகொண்டதற்கு, இணையத்தில் அவளைப் பின்தொடர்ந்ததற்கு, நியாய சன்ஹிதாவின் 78. மிரட்டலுக்கு 351. பணம் பறித்ததற்கு 308, அதில் ஏழு வருடம் வரை சிறை. அந்த 8,000 ரூபாயை நினைத்துத் தங்கை வெட்கப்பட்டுக்கொண்டிருப்பாள். அது யார் கணக்குக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனது என்று வங்கிப் பதிவு இருக்கிறது. போலிக் கணக்கு யாருடையது என்று நிரூபிக்கப் பாடுபட வேண்டும். பணம் போன இடத்தை நிரூபிக்க அவ்வளவு பாடு இல்லை. இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பணம் வாங்கியவன் படத்தை அழித்ததை நான் ஒரு வழக்கிலும் பார்த்ததில்லை.

அடுத்து, நாளைக் காலையில் அவளும் நீங்களும் உட்கார்ந்து செய்ய வேண்டியது. போலிக் கணக்கை இன்ஸ்டாகிராமில் புகார் செய்து நீக்குவதற்கு முன்னால் சான்றுகளைச் சேர்த்துவிடுங்கள். கணக்கின் பயனர் பெயரும் இணைய முகவரியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்குக்குள் போய்ப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்காக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவன் எண்ணிலிருந்து வந்த செய்திகளில் நாளும் நேரமும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் வசதி போடப்பட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இரவில் அழைத்தவர்களின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பழக்கம் எப்போது தொடங்கியது, எப்போது விலகினாள், முதல் மிரட்டல் எப்போது, பணம் எப்போது என்று தேதி வாரியாக ஒரு நோட்டில் அவள் கையால் எழுதட்டும். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். ஆகவே உங்கள் போனையும் அவள் போனையும் விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். சிம்மையும் மாற்றாதீர்கள். அழைப்புத் தொல்லை தாங்கவில்லை என்றால் அந்த சிம்மைப் பழைய போன் ஒன்றில் போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்குப் புது எண் வாங்கிக் கொடுங்கள். அவன் செய்திக்குப் பதில் போட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

பாஸ்வேர்டுகளை அவள் மாற்ற வேண்டும். இரண்டு வருடப் பழக்கத்தில் அவனுக்குத் தெரியாத பாஸ்வேர்டு இருக்காது. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அவள் அறியாத லேப்டாப் ஏதாவது இருக்கிறதா, கூகுள் கணக்கின் மீட்பு எண்ணாக அவன் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். அவனிடமிருந்து மீட்டது அவளுடையதாகவே இருக்கட்டும்.

சான்றுகளைச் சேர்த்த பிறகு நீக்கும் வேலை. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில், உடலின் அந்தரங்கத்தைக் காட்டும் படம், ஆள்மாறாட்டக் கணக்கு, மார்பிங் செய்த படம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் நீக்கியாக வேண்டும் என்று இருக்கிறது; 2026 பிப்ரவரி வரை இது 24 மணி நேரமாக இருந்தது. இன்ஸ்டாகிராமின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதும்போது இந்த விதியைக் குறிப்பிடுங்கள். நீக்கிய பிறகும் அதன் விவரங்களை விசாரணைக்காக அவர்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று குடும்பங்கள் சொல்லும்போது எனக்குப் பதறுவது இதனால்தான். ஆறு மாதம் ஆறப்போட்டால் அவனைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகள் போய்விடக்கூடும்.

இன்னும் வெளிவராத படங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்று ஓர் இலவச இணையதளம், பிரிட்டனில் இயங்கும் ஓர் உதவி அமைப்பு 2021 டிசம்பரில் தொடங்கியது. 18 வயது நிரம்பியவர்களுக்கானது. அவளிடம் அந்தப் படங்களின் மூலப்பிரதி இருந்தால், அவள் போனிலேயே அந்தத் தளம் படத்துக்கு ஒரு விரல்ரேகை போன்ற எண்ணை உருவாக்கும். படம் போனை விட்டு வெளியே போகாது, எண் மட்டும்தான் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படம் வந்தால் தடுக்கும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. டெலிகிராம் குழுக்களையும் இது எட்டாது. ஆனாலும் செய்து வைக்க வேண்டும். இதை அவள் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்யட்டும். படங்களை நீங்கள் பார்க்க வேண்டிய தேவை எங்குமே இல்லை.

இனிப் போலீஸ். மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பெயரைச் சொல்லாமலும் அங்கே தகவல் தரலாம். ஆனால் உங்கள் வழக்கில் பெயரோடு கொடுப்பதுதான் நல்லது, பெயரில்லாப் புகாரைப் பின்தொடர்ந்து போய்க் கேட்க முடியாது. தளத்தில் பதிந்துவிட்டு, திருப்பூர் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போங்கள். எங்கள் எல்லை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று புதிய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. இப்படிப்பட்ட புகாரை ஒரு பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அவளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து விசாரிக்கக் கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது.

காவல் நிலையத்தில் இரண்டு இடத்தில் உஷாராக இருங்கள். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அது மனு வந்ததற்கான ரசீது, முதல் தகவல் அறிக்கை அல்ல. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது. அவனைக் கூப்பிட்டு, உங்கள் கண் முன்னால் படங்களை அழிக்கச் சொல்லி, 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, 'பொம்பளைப் பிள்ளை விஷயம், இதோடு விட்டுவிடுங்கள்' என்பார்கள். மெய்யான அக்கறையோடு சொல்கிற அதிகாரிகளும் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். அழிக்கப்படுவது சான்று. அவனிடம் வேறு பிரதி இருக்கிறதா என்பது கடைசி வரை தெரியாமலே போகும். பதிய மறுத்தால் மாநகரக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, அதன் உதவி எண் 15100. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 181க்கு அழையுங்கள். சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்து துணைக்கு ஆள் வருவார்கள், ஆலோசனையும் தருவார்கள்.

மானம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் வெளியே வரவே வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போலீஸ் காகிதங்களிலும் நீதிமன்றக் காகிதங்களிலும் அவள் பெயர் இருக்கும். ஆனால் பாலியல் குற்ற வழக்குகள் போன்றவற்றின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்திருக்கிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார், பழகியவன் எடுத்த அந்தரங்க வீடியோக்கள் இணையமெங்கும் பரவியிருந்தன. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். காவல்துறை ஆவணங்களில் இருந்த அவர் பெயரையும் மறைக்கச் சொன்னார். சட்டம் படித்த பெண்ணுக்கும் இது நடக்கிறது தம்பி. உங்கள் தங்கை ஏமாளி என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சி உங்கள் ஊருக்குப் பக்கம்தான். 2019இல் அங்கே நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு எப்படி வெளியே வந்தது? வீடியோவைக் காட்டி மிரட்டப்பட்ட ஒரு கல்லூரி மாணவி தன் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அவள் பக்கம் நின்றார். புகார் கொடுத்ததற்காக அவர் அடிபட்டார். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை ஒரு காவல் அதிகாரியே வெளியில் சொல்லிவிட்ட கொடுமையும் நடந்தது. அதற்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆறு வருடம் கழித்து, 2025 மே 13 அன்று, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. அத்தனை மிரட்டலுக்கு நடுவிலும் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஒரு தங்கை சொன்னதை ஓர் அண்ணன் காதுகொடுத்துக் கேட்டார், அதிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது. உங்கள் தங்கைக்கு அந்த வாய்ப்பு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. இன்று கொடுக்கலாம்.

அப்பாவுக்குச் சொல்வதா என்பதைத் தங்கையே முடிவு செய்யட்டும். என் கருத்து, சொல்லிவிடுவது நல்லது. 'அடுத்தது உன் அப்பாவுக்கு' என்று அவன் எழுதியிருக்கிறான். நோயாளியான மனிதர் அந்தப் படத்தைத் திடீரென்று போனில் பார்ப்பதைவிட, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லக் கேட்பது அவர் உடம்புக்கும் நல்லது. படம் என்ன என்று விவரிக்கத் தேவையில்லை. 'ஒருவன் பாப்பாவை மிரட்டுகிறான், நாங்கள் போலீசுக்குப் போகிறோம், தெரியாத எண்ணிலிருந்து ஏதாவது வந்தால் திறக்காமல் என்னிடம் கொடுங்கள்' என்று சொன்னால் போதும். அவன் கையில் மிச்சமிருந்த கடைசி மிரட்டலும் அதோடு செல்லாக்காசாகும்.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போகட்டும். உடனே போக முடியவில்லை என்றால் அது அவள் விருப்பம், நீங்கள் நிறுத்தியதாக இருக்கக் கூடாது. வகுப்பில் யாராவது அந்தக் கணக்கைப் பகிர்ந்தாலோ கேலி செய்தாலோ கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுதலாம். பஸ் ஸ்டாப் வரை கூடப் போக வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

என்னை நேரில் பார்க்க விரும்பினால் இந்த இதழின் அலுவலகத்துக்கு எழுதுங்கள், என் எண்ணைத் தருவார்கள். சனிக்கிழமை மாலைகளில் அலுவலகத்தில் இருப்பேன். அவள் வருவதாக இருந்தால் மட்டும் வாருங்கள். நான் அவளோடு தனியாகப் பேசுவேன், அந்த நேரம் நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.